வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி: கைக்குழந்தைக்கு ஏழு மாதம் பூசிப் பார்த்தபின்

என் மகள் பிறந்த பதினாறாம் நாள் இரவு, டயப்பரைக் கழற்றியபோது அவள் அழுத அழுகை பசி அழுகை இல்லை. விளக்கைப் போட்டுப் பார்த்தேன். ஆசனவாயின் இரு புறமும் தோல் சிவந்து, பளபளத்து, மேல்தோல் உரிந்துவிடுமோ என்று அஞ்சும்படி இருந்தது. ஈரப்பஞ்சு பட்டதும் இரண்டு கால்களையும் வயிற்றோடு இழுத்துக்கொண்டு வீறிட்டாள். அன்றிரவு டயப்பர் போடாமல் பருத்தித் துணியை விரித்து அவளை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். விடியும்வரை ஐந்து துணி மாற்றினேன்.

மறுநாள் குழந்தை மருத்துவர் அரை நிமிடம்கூடப் பார்க்கவில்லை. சீட்டில் ஒரே வரி எழுதினார்: ‘வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி, வாசனை சேர்க்காதது, தாராளமாக.’ கடைசிச் சொல்லுக்கு அடியில் கோடு போட்டார். “பூசிய பிறகு அடியில் இருக்கும் தோல் தெரியக்கூடாது. அவ்வளவு கனமாகப் பூசுங்கள்” என்றார்.

வீட்டுக்கு வந்து டப்பாவை மேசையில் வைத்தேன். என் மாமியார் கையிலெடுத்துப் படித்துவிட்டு, “பெட்ரோலியம் என்று போட்டிருக்கிறதே, இதையா பச்சைக் குழந்தைக்குப் பூசப்போகிறாய்?” என்று கேட்டார். “டாக்டர்தான் அத்தை எழுதிக் கொடுத்தார்” என்றேன். அவர் மறுத்துப் பேசவில்லை, ஆனால் டப்பாவைத் தூர நகர்த்தி வைத்தார். உண்மையைச் சொன்னால், அவர் கேட்ட கேள்வி எனக்குள்ளும் இருந்தது. நான் பிழை திருத்தும் வேலை செய்பவள். அச்சில் இருக்கும் எதையும் ஒரு சொல் விடாமல் படிப்பது பழகிப்போன ஒன்று. ‘பெட்ரோலியம்’ என்ற சொல்லைத் தாண்டி என் கண்ணும் எளிதில் நகரவில்லை.

இந்த ஏழு மாதங்களில் மூன்று ஜெல்லிகளைப் பயன்படுத்தியிருக்கிறேன். படிக்கக் கிடைத்ததைப் படித்தேன், மருத்துவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்டேன். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இதே கேள்வியோடு இருக்கும் ஒருவருக்காவது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் அத்தையின் கேள்வி. ஆம், இது கச்சா எண்ணெயிலிருந்து வருவதுதான். 1859இல் ராபர்ட் செஸ்பரோ என்ற இளம் வேதியியலாளர் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இருக்கும் டைட்டஸ்வில் எண்ணெய்க் கிணறுகளுக்குப் போனார். பம்புத் தண்டுகளில் படியும் மெழுகு போன்ற அழுக்கைத் தொழிலாளர்கள் வழித்தெடுத்து, வெட்டுக்காயத்துக்கும் தீக்காயத்துக்கும் பூசிக்கொள்வதைப் பார்த்தார். அதைச் சுத்திகரிக்கும் முறையைப் பல ஆண்டுகள் தேடி, 1872இல் வாசலின் என்ற பெயரில் காப்புரிமை பெற்றார். அந்தப் பெயர்தான் இன்று நம் வாயில் எல்லா ஜெல்லிக்கும் பொதுப்பெயராகிவிட்டது.

அஞ்ச வேண்டியது கிணற்றிலிருந்து வந்ததற்காக அல்ல, கிணற்றிலிருந்து கூடவே வந்தவை சரியாக நீக்கப்பட்டனவா என்பதற்காக. கச்சா எண்ணெயில் பல்வளைய நறுமணச் சேர்மங்கள் என்று ஒரு குடும்பம் இருக்கிறது. அவற்றில் சில புற்றுநோயை உண்டாக்குபவை. சுத்திகரிப்பின் முழு நோக்கமும் அவற்றை வெளியேற்றுவதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் அழகுப்பொருள் சட்டம் பெட்ரோலேட்டத்தை, அதாவது இந்த ஜெல்லியை, தடை செய்யப்பட்டவற்றின் பட்டியலில் வைத்துவிட்டு, அதன் முழுச் சுத்திகரிப்பு வரலாறும் தெரிந்திருந்து, அது புற்றுநோயை உண்டாக்கும் மூலப்பொருளிலிருந்து எடுக்கப்படவில்லை என்று காட்ட முடிந்தால் மட்டும் அனுமதிக்கிறது. அந்த விதியைப் படித்தபோது முதலில் எனக்குத் திக்கென்றது. இரண்டாம் முறை படித்தபோதுதான் அது ஆறுதலாகப் பட்டது. தடுப்பதும் அனுமதிப்பதும் சுத்தத்தை வைத்துத்தான். ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2018இல் நன்கு சுத்திகரிக்கப்பட்ட கனிம எண்ணெய்கள் அழகுப்பொருள்களில் இருப்பதால் உடல்நலக் கேடு எதிர்பார்க்கப்படவில்லை என்று சொன்னது. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 30 முதல் 100 சதவீதம் வரை பெட்ரோலேட்டம் இருக்கும் பொருளைத் தோல் காக்கும் மருந்தாகவே ஏற்கிறது.

ஆகவே டப்பாவில் நான் தேடிய சொற்கள் இரண்டுதான். ‘வெள்ளை பெட்ரோலேட்டம்’, அதன் பக்கத்தில் மருந்துத் தரத்தைக் குறிக்கும் ‘யூ.எஸ்.பி.’ அல்லது ‘பி.பி.’ என்ற எழுத்துகள். தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கென்று மஞ்சளாகவும் பழுப்பாகவும் விற்கப்படும் ஜெல்லிகள் உண்டு. அவை குழந்தையின் அருகிலேயே வரக்கூடாது.

எனக்கு முழு நம்பிக்கை வரவழைத்தது வேறொரு செய்தி. யாருக்கு எது ஒவ்வாது என்று கண்டுபிடிக்கத் தோல் மருத்துவர்கள் முதுகில் ஒட்டுச் சோதனை செய்வார்கள். சந்தேகத்துக்குரிய பொருளைத் தனியாக ஒட்ட மாட்டார்கள், எதிலாவது குழைத்துத்தான் ஒட்டுவார்கள். பெரும்பாலும் அப்படிக் குழைக்க எடுத்துக்கொள்வது இந்த வெள்ளை பெட்ரோலேட்டம்தான். ஒவ்வாமையைத் தேடும் சோதனையில் தானாக ஒவ்வாமையைக் கிளப்பாத ஒன்று வேண்டும், இல்லையா? அத்தையிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, நகர்த்தி வைத்த டப்பாவை எடுத்து அவரே மூடியைத் திறந்து கொடுத்தார்.

கைக்குழந்தை விஷயத்தில் நாம் கூடுதலாகப் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. பிறந்த குழந்தைக்கு எடையோடு ஒப்பிட்டால் தோல்பரப்பு பெரியவர்களைவிட ஏறத்தாழ 2.3 மடங்கு அதிகம். ஒரு வயதில் அது 1.6 மடங்காகக் குறைகிறது. அதாவது, ஒரே பூச்சை உடல் முழுக்கப் பூசினால், எடைக்கேற்பக் கணக்கிடும்போது குழந்தை பெறும் அளவு பெரியது. டயப்பர் பகுதியில் இது இன்னும் கூடும். அங்கே தோல் ஈரத்தில் ஊறி, மூடியே கிடக்கிறது. பூசியதும் உள்ளே இறங்கும் பொருள்களுக்கு அது திறந்த கதவு. பெட்ரோலேட்டம் அந்த வகையைச் சேர்ந்ததில்லை என்பதுதான் இங்கே முக்கியம். அதன் மூலக்கூறுகள் பெரியவை, தண்ணீரை வெறுப்பவை. தோலின் மேலடுக்கின் இடைவெளிகளில் போய்ப் படிந்து அங்கேயே நின்றுவிடுகின்றன.

இன்னொன்று, அதில் தண்ணீரே இல்லை. தண்ணீர் கலந்த எந்த லோஷனிலும் கிருமி வளரும் என்பதால், கெடாமல் காக்க ஏதாவது ஒரு வேதிப்பொருளைச் சேர்த்தே ஆக வேண்டும். தண்ணீர் இல்லாத ஜெல்லிக்கு அந்தத் தேவை இல்லை. என் முதல் டப்பாவின் பின்புறத்தில் ‘உட்பொருள்கள்’ என்ற தலைப்புக்குக் கீழே ஒரே ஒரு சொல்தான் இருந்தது. குழந்தைகளுக்கான பொருள்களில் அப்படி ஒரு பட்டியலை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

இனி பயன்பாட்டுக்கு வருகிறேன்.

குழந்தையின் அடிப்பகுதி ஏன் புண்ணாகிறது என்று மருத்துவர் சொன்ன விளக்கம் என் கைவேலையையே மாற்றியது. சிறுநீர் மட்டும் இருந்தால் அவ்வளவு மோசமில்லை, மலம் மட்டும் இருந்தாலும் அவ்வளவு மோசமில்லை. இரண்டும் சேரும்போது மலத்திலுள்ள நுண்ணுயிர்களின் நொதி சிறுநீரிலுள்ள யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்குகிறது. தோலின் இயல்பான லேசான அமிலத்தன்மை போய்விடுகிறது. அந்த நிலையில் மலத்திலுள்ள செரிமான நொதிகள் வேகம் பெற்றுத் தோலையே அரிக்கத் தொடங்குகின்றன. ஜெல்லி இதில் எதையும் குணப்படுத்துவதில்லை. அந்த ஈரத்துக்கும் தோலுக்கும் நடுவே சுவராக நிற்கிறது. தோல் தன்னைத் தானே ஆற்றிக்கொள்கிறது.

சுவர் என்றால், கட்டும் இடம் காய்ந்திருக்க வேண்டும். முதல் இரண்டு நாள் நான் செய்த தவறு அதுதான். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் துடைத்துவிட்டு, ஈரம் இருக்கும்போதே அவசரமாகப் பூசினேன். ஜெல்லி தோலில் பிடிக்காமல் திட்டுத்திட்டாக உருண்டு, டயப்பரில்தான் ஒட்டியது. மூன்றாம் நாளிலிருந்து மென்மையான துணியால் ஒற்றி எடுத்து, மூன்று நிமிடம் காற்றாட விட்டேன். தொடை இடுக்குகளை விரலால் விரித்துப் பார்த்தேன். இடுக்கின் அடியில் மினுமினுப்பு இருந்தால் இன்னும் காயவில்லை. மினுமினுப்பு அடங்கி மங்கலான பிறகுதான் பூச வேண்டும்.

பூசும்போது தேய்க்கக்கூடாது. விரல் நுனியில் ஒரு பட்டாணி அளவு எடுத்தால் முதலில் கெட்டியாக, கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கும். இரண்டு விரலுக்கு நடுவே சில நொடி வைத்திருந்தால் உடல் சூட்டிலேயே இளகிக் கண்ணாடிபோல் ஆகிவிடும். அப்போது தோலின் மேல் வைத்து நழுவவிட்டால் போதும், இழுக்கவே வேண்டியதில்லை. சிவந்த தோலுக்கு மேல் குளிர்ந்த கெட்டி ஜெல்லியை இழுத்துப் பூசியபோது அழுதவள், இளக்கிப் பூசியபோது என் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். ஒவ்வொரு முறையும் பழைய பூச்சை முழுக்கத் துடைத்தெடுக்க வேண்டாம், அழுக்கை மட்டும் எடுத்துவிட்டு மேலே புதிதாகப் பூசினால் போதும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். முழுக்கத் துடைக்கும் முயற்சியில்தான் பாதிப் புண் வருகிறது என்பதை நானே பார்த்தேன்.

நான்காம் நாள் மினுமினுப்புப் போய்ச் சிவப்பு வெளிறியது. ஆறாம் நாள் இயல்பான நிறம் திரும்பியது. அதன்பின் இரவு நீண்ட தூக்கத்துக்கு முன் ஒரு பூச்சு, வயிறு கெட்ட நாள்களில் ஒவ்வொரு முறையும். ஏழு மாதத்தில் அந்த முதல் இரவைப்போல் மறுபடி நேரவில்லை.

துணி டயப்பர் பயன்படுத்துவோருக்கு ஒரு வார்த்தை. ஜெல்லி துணியில் ஏறினால் துணி தண்ணீரை உறிஞ்சாது. நடுவே ஒரு மெல்லிய துணியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது டப்பாவின் கதை வேறு. முதல் டப்பா தீர்ந்த வாரம், வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர் அன்போடு ஒன்று வாங்கி வந்தார். இளஞ்சிவப்பு மூடி, மேலே சிரிக்கும் குழந்தையின் படம், ‘மென்மையான குழந்தைச் சருமத்துக்கென்றே’ என்ற வாசகம். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். மூடியைத் திறந்தால் அறையே மணத்தது. அது குழந்தைக்கென்று தயாரித்தது, முந்தையது யாருக்கும் பொதுவானது. ஆகவே இதுதான் அவளுக்கு இன்னும் பாதுகாப்பு என்று எண்ணி, அன்று மட்டும் பின்பக்கத்தைப் படிக்காமல் விட்டுவிட்டேன். அந்த ஒரு நாள் அலட்சியத்துக்காக இன்றும் வருந்துகிறேன்.

குளித்தபின் கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் பூசினேன். மூன்றாம் நாள் கன்னங்கள் சிவந்து, தடவினால் மணல்போல் சொரசொரத்தன. முகத்தைத் தலையணைத் துணியில் தேய்க்கத் தொடங்கினாள். அப்போதுதான் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். பெட்ரோலேட்டத்துக்குப் பின்னால் ‘பர்ஃப்யூம்’. அதைத் தொடர்ந்து லினலூல், லிமோனீன் என்று மேலும் சில பெயர்கள். எல்லாம் வாசனைக் கூறுகள். ‘பர்ஃப்யூம்’ என்ற அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை பொருள் இருக்கிறது என்பதை நாம் அறிய வழியில்லை. லினலூல், லிமோனீன் போன்றவை காற்றுப் பட்டு ஆக்சிஜனேற்றம் அடையும்போது ஒவ்வாமையைத் தூண்டக்கூடியவை என்பதால்தான் அவற்றைப் பெயர் சொல்லி அச்சிட வேண்டும் என்று ஐரோப்பாவில் விதி வைத்தார்கள்.

அதை நிறுத்திவிட்டுப் பழைய வெறும் ஜெல்லிக்குத் திரும்பினேன். ஐந்து நாளில் கன்னம் தெளிந்தது. வாசனைதான் காரணம் என்று ஒட்டுச் சோதனை செய்து நிரூபிக்கவில்லை. மருத்துவரும், “நிறுத்தியதும் நின்றது அல்லவா, அதுவே போதும். மறுபடி பூசிப் பார்க்க வேண்டாம்” என்றார். எனக்குக் கோபம் வந்தது வேறொன்றுக்காக. உட்பொருள் ஒன்றே ஒன்றாக இருந்த பொருளில் எந்தப் பயனும் தராத பலவற்றைச் சேர்த்து, அதற்குக் குழந்தையின் பெயரையும் வைத்து விற்கிறார்கள். சிவந்த தோலில் வாசனை செய்யும் வேலை என்ன? அந்த மணம் குழந்தைக்காகச் சேர்க்கப்பட்டதே இல்லை, வாங்கும் தாயின் மூக்குக்காகச் சேர்க்கப்பட்டது. குழந்தையின் தோலில் அதற்கு இடமே இல்லை.

‘வாசனை சேர்க்காதது’ என்பதும் ‘மணமற்றது’ என்பதும் ஒன்றல்ல என்பதையும் அப்போதுதான் கற்றுக்கொண்டேன். மணமற்றது என்று எழுதியிருந்தால், இயல்பான வாடையை மறைக்க வேறொரு வாசனைப் பொருளைச் சேர்த்திருக்கவும் கூடும். உட்பொருள் பட்டியலை மட்டுமே நம்புகிறேன்.

நல்ல ஜெல்லியும் எல்லாவற்றுக்கும் ஆகாது. மூன்றாம் மாதம் ஒரு புழுக்கமான வாரத்தில் கழுத்திலும் முதுகிலும் சிறுசிறு பருக்கள் வந்தன. வறட்சி என்று நினைத்துப் பூசினேன். மறுநாள் பருக்கள் இரட்டிப்பாயின. அது வேர்க்குரு. வியர்வை வெளியே வர வழியில்லாமல் துளைகள் அடைபட்டு வருவது. அடைபட்ட இடத்தை நான் இன்னும் இறுக்கி அடைத்திருக்கிறேன். வெறும் நீரில் குளிப்பாட்டி, மெல்லிய ஆடை போட்டு, எதுவும் பூசாமல் விட்டதும் இரண்டு நாளில் அடங்கியது.

ஐந்தாம் மாதம் வந்தது இன்னும் நுட்பமானது. டயப்பர் பகுதியில் மறுபடி சிவப்பு. வழக்கம்போல் ஜெல்லி பூசினேன், மூன்று நாள் ஆகியும் அசையவில்லை. உற்றுப் பார்த்தபோது முதல் இரவின் சிவப்புக்கும் இதற்கும் வேறுபாடு தெரிந்தது. அப்போது மேடான பகுதிகள்தான் சிவந்திருந்தன, இடுக்குகள் தப்பியிருந்தன. இப்போது இடுக்குகளே இரத்தச் சிவப்பாக இருந்தன. சிவப்பின் விளிம்புக்கு வெளியே, தள்ளித் தள்ளி, சிறு பொட்டுகள் சிதறிக் கிடந்தன. மருத்துவரிடம் சொன்னபோது, “அந்தப் பொட்டுகளைக் கவனித்தீர்களே, அதுதான் அடையாளம். இது பூஞ்சை” என்று பூஞ்சைக் கொல்லிக் களிம்பு எழுதிக் கொடுத்தார். கேண்டிடா என்ற அந்தப் பூஞ்சைக்கு ஜெல்லி மருந்தில்லை. மூன்று நாள் பூசியும் சரியாகாத சிவப்பை நான்காம் நாளும் ஜெல்லியால் மூடி வைக்காதீர்கள்.

பிறந்த நாளிலிருந்தே உடல் முழுக்கப் பூசினால் கரப்பான் வராது என்று ஒரு பேச்சு இருக்கிறது. என் தோழிகள் பலர் அதற்காகவே பூசினார்கள். நானும் நம்பியிருந்தேன், ஏனென்றால் என் கணவருக்குச் சிறுவயதில் கரப்பான் இருந்தது. பிரிட்டனில் இதை முறையாகச் சோதித்திருக்கிறார்கள். குடும்பத்தில் ஒவ்வாமை உள்ள 1394 பச்சைக் குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு முதல் ஆண்டு முழுவதும் நாள்தோறும் ஈரங்காக்கும் களிம்பு பூசினார்கள். முடிவு 2020இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இரண்டு வயதில் பூசிய பிரிவில் 23 சதவீதத்தினருக்குக் கரப்பான், பூசாத பிரிவில் 25 சதவீதம். வேறுபாடு என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. பூசிய பிரிவில் தோல் தொற்றுகள் சற்று அதிகமாகவே இருந்தன. அதில் பயன்படுத்தியவை வெறும் ஜெல்லி அல்ல, கச்சா எண்ணெயிலிருந்தே கிடைக்கும் பாராஃபின் கலந்த கிரீமும் ஜெல்லும். ஆனாலும் அதைப் படித்த அன்றே வறட்சி இல்லாத இடத்தில் பூசுவதை நிறுத்தினேன். ஏற்கெனவே கரப்பானோ வறட்சியோ இருக்கும் குழந்தைக்கு இது பொருந்தாது. அங்கே ஈரங்காக்கும் பூச்சு சிகிச்சையின் பகுதி, அதை நிறுத்தக்கூடாது. நன்றாக இருக்கும் தோலுக்கு முன்னெச்சரிக்கை என்ற பெயரில் செய்வதைத்தான் சொல்கிறேன்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் பெற்றோர் இந்தப் பத்தியைத் தவறவிட வேண்டாம். அவர்களின் மேல்தோல் முழுதாக உருவாகாமல் இருப்பதால், நீரிழப்பைத் தடுக்கும் என்று பெட்ரோலேட்டம் அடிப்படையிலான களிம்பைப் பூசிப் பார்த்தார்கள். 1000 கிராமும் அதற்குக் குறைவும் எடையுள்ள குழந்தைகளிடம் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2004இல் வெளியானது. அதில் மிகச் சிறிய குழந்தைகளிடம் ஒருவகை ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமித் தொற்று கூடியது தெரிந்தது. நிறைமாதக் குழந்தைக்கு ஆகும் என்று நான் எழுதியதெல்லாம் அந்தப் பிஞ்சுகளுக்கு ஆகாது. அவர்களைப் பார்க்கும் மருத்துவர் சொல்லாமல் எதையும் பூசாதீர்கள்.

இதுவரை சொன்னதைவிட எனக்கு நெஞ்சு பதறிய நேரம் ஒன்று உண்டு. நான்காம் மாதம் மகளுக்கு முதல் சளி. மூக்கு அடைத்து, பால் குடிக்கும்போது இரண்டு மிடறுக்கு ஒருமுறை விட்டுவிட்டு வாயால் மூச்சு வாங்கினாள். மூக்கின் விளிம்பு காய்ந்து வெடித்திருந்தது. நான் கைகழுவிவிட்டுத் திரும்பினால், அத்தை சுண்டுவிரலில் ஜெல்லியை எடுத்துக்கொண்டு அவளுடைய மூக்குத் துளையை நோக்கிக் குனிந்துகொண்டிருந்தார்.

“அத்தை, வேண்டாம்!” என்று கத்தியேவிட்டேன். அவர் திடுக்கிட்டு விரலை எடுத்துக்கொண்டார். “நீதானே சொன்னாய், இது எதுவும் செய்யாது என்று?” என்றார். அவர் குரலில் இருந்தது கோபம் அல்ல, வருத்தம். அவர் கேட்டதும் சரிதான். நான்தான் அவரிடம் பாதியை மட்டும் சொல்லியிருந்தேன்.

தோலின் மேல் இருக்கும்வரை இது எதுவும் செய்யாது. மூக்குக்குள் போனால் அப்படியில்லை. உடல் சூட்டில் இளகி, தூங்கும்போது மெல்ல மெல்லத் தொண்டை வழியாக மூச்சுக்குழலுக்குள் இறங்கும். தண்ணீர் போனால் இருமல் வரும், எண்ணெய்ப் பொருள் அந்த இருமலைக்கூடத் தூண்டாமல் நழுவிப் போகும். நுரையீரலால் அதைக் கரைக்கவும் முடியாது, எளிதில் வெளியே தள்ளவும் முடியாது. நாள்பட நாள்பட அங்கே அழற்சி உண்டாகிறது. அதற்கு மருத்துவத்தில் லிப்பாய்டு நிமோனியா என்று பெயர். பெரியவர்களே பல மாதங்கள் மூக்கில் பூசிக்கொண்டதால் இது வந்திருக்கிறது. கைக்குழந்தைக்குச் சொல்லவே வேண்டாம். மூக்கின் வெளியே, வெடித்த மேலுதட்டில் மெல்லிய பூச்சு போதும், துளைக்குள் ஒருபோதும் கூடாது. உள்ளே அடைப்பை இளக்க உப்புநீர்ச் சொட்டு இருக்கிறது. அன்று அத்தையின் மடியில் குழந்தையை வைத்து, நான் சொட்டு விட, அவர் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். அரை மணியில் பால் குடித்தாள்.

பெயரைக் கண்டு அஞ்சியபோது அவர் டப்பாவைத் தள்ளி வைத்தார், நம்பியபோது மூக்குக்கே கொண்டுபோனார். இரண்டுக்கும் நடுவே இருந்த விவரத்தைச் சொல்ல வேண்டியவள் நான். எங்கே பூசலாம், எங்கே கூடாது என்பதை அந்த டப்பாவிலும் யாரும் பெரிய எழுத்தில் போடவில்லை. ‘வெளிப்பூச்சுக்கு மட்டும்’ என்பது அடியில், கண்ணை இடுக்கிப் படிக்கும் அளவில் இருக்கிறது. முன்புறம் முழுவதும் பூவும் குழந்தைப் படமும் இருக்கும் இடத்தில் ‘மூக்குக்குள் பூசாதீர்கள்’ என்ற இரண்டு சொல்லுக்கு இடமில்லாமல் போனது சரியில்லை. என் மதிப்பீட்டில் இந்தப் பொருளின் மிகப் பெரிய குறை இதுதான்.

தீயையும் சொல்லிவிடுகிறேன். 2018 டிசம்பரில் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஓர் எச்சரிக்கை விடுத்தது. இத்தகைய பூச்சுகள் துணியில் ஊறிக் காய்ந்தால், அந்தத் துணி சுடரில் மிக வேகமாகப் பற்றிக்கொள்ளும். பாராஃபின் இல்லாதவற்றுக்கும் இது பொருந்தும். துவைத்தாலும் முழுதாகப் போகாது. அதனால் இவளுக்குப் பூசும்போது அடியில் விரிக்கும் துணிகளைத் தனியாக வைத்திருக்கிறேன். அவளைத் தூக்கியபடி அடுப்பருகே போவதில்லை. பூசிய கையோடு அவளைத் தூக்குவதும் இல்லை. வழுக்கும்.

இப்போது மூன்றாவதாக வாங்கி வைத்திருப்பது டப்பா இல்லை, டியூப். உள்ளே முதலில் வாங்கிய அதே ஒற்றைச் சொல் ஜெல்லிதான். டப்பாவில் டயப்பர் மாற்றும் விரலையே மறுபடி மறுபடி விட்டு எடுக்கிறோம். ஜெல்லியில் தண்ணீர் இல்லாததால் அதற்குள் கிருமி பெருகாது என்றாலும், விரலோடு போனது அங்கே ஒட்டிக்கொண்டு இருக்கும், அடுத்த முறை புண்ணுக்கு வந்து சேரும். டப்பாதான் கிடைக்கிறது என்றால் சுத்தமான சிறு கரண்டியால் வேண்டியதை எடுத்துக் கைப்புறத்தில் வைத்துக்கொண்டு மூடிவிடுங்கள். டியூப்பில் அந்தக் கவலை இல்லை, நள்ளிரவில் ஒற்றைக் கையால் எடுக்கவும் எளிது. மூடி மட்டும் சிறியது, கழன்றால் குழந்தையின் வாய்க்குப் போகும் அளவு.

அவள் இப்போது கவிழ்ந்து, தவழ்ந்து, எட்டியதையெல்லாம் பிடிக்கிறாள். சென்ற வாரம் டயப்பர் மாற்றிக்கொண்டிருக்கும்போதே டியூப்பை இழுத்து வாய்க்குக் கொண்டுபோனாள். பிடுங்கியதும் அழுகை. அன்றே அத்தை அதை அலமாரியின் மேல்தட்டுக்கு மாற்றிவிட்டார். சுற்றி ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, தம் கையெழுத்தில், தடித்த எழுத்தில் எழுதியிருக்கிறார்: ‘தோலுக்கு மட்டும். மூக்குக்கு இல்லை.’